பல் வைத்தியக் கணக்கு

பெப்ரவரியில் முந்நூற்று நாற்பது பிராங்.
பல் வைத்தியர் என்று துவாரகனிடம் சொன்னேன்.
இந்த நாட்டில் அந்தப் பொய்யை
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.
ஒரு கிழமை முழுக்க
இடப்பக்கமாகவே சோறு மென்றேன்.

காசு போனது
கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு தொழுவத்துக்கு.
லூமி என்று பெயர். நரிக்கும் அணிலுக்கும் இடையில் ஒன்று.
இரண்டைச் சேர்த்தால் ஒரு முட்டை.
(நரி முட்டையிடுமா என்று கேட்காதீர்கள்,
நான் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன்.)
ஒன்பது மணித்தியாலச் சூடு.
அவசரமென்றால் இரண்டு பிராங், உடனே பொரிக்கும்.
எனக்கு எப்போதும் அவசரம்.

பதினான்கு தலைமுறை.
யாருடைய கண், யாருடைய வால்,
எந்தப் பூட்டனுக்குள் ஒளிந்திருந்தது அந்த வெள்ளி.
என் சொந்தக்காரரில்கூட
இவ்வளவு எனக்குத் தெரியாது.
தேடியது முத்துநிறம். நூறில் ஒன்று வரும்.
நூற்றெண்பத்தேழு வளர்த்துவிட்டேன்.

'நூறில் ஒன்று என்றால் நூறாவது என்று அர்த்தமில்லை,'
ஓல்ட்டன் நிலையத்துக் கடையின் பின்னறையில்
வெள்ளரிக்காய் அரிந்தபடி சொன்னாள் ரெகுலா.
அவளும் வளர்க்கிறாள், பன்னிரண்டு.
எப்படிப் பன்னிரண்டோடு நிறுத்தினாய் என்றேன்.
'எங்கே நிறுத்தினேன்? ஒவ்வொரு நாளும் நிறுத்துகிறேன்.'

ஏப்ரலில்
பல் உண்மையாகவே வலித்தது.
வலப்பக்கக் கடைவாய்.
கணக்கில் பதினெட்டு பிராங்.
வேறு வழியில்லாமல் கைப்பேசியைத் திறந்து
மேசையில் வைத்தேன்.
துவாரகன் நெடுநேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
'காட்டு பாப்பம்,
இதில எந்த நரி உன்ர பல்லைத் திண்டது?'

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வீட்டுக்குப் பின்னால்தான் ஆரே ஓடுகிறது, பச்சையாக.
அதில் போட்டிருந்தாலாவது
ஒரு சத்தம் கேட்டிருக்கும்.

வங்கி அட்டையின் எண்ணை அழித்தேன்.
மாதத்தின் முதல் வெள்ளி, கையில் காசு கொடுத்து
இருபது பிராங் சுரண்டல் அட்டை ஒன்று.
முடிந்தால் முடிந்தது.
முட்டைக்கு ஒன்பது மணித்தியாலமென்றால் ஒன்பதுதான்.
என் வேலையும் போக்குவரத்தும் அவ்வளவுதானே,
இரண்டு பேரும் காத்திருப்போம்.
தொழுவத்தில் ஐந்து இடம்,
என் ரயில் நிற்கும் ஊர்களின் பெயரில்:
ஓல்ட்டன், டுல்லிக்கன், டேனிக்கன், ஷோனன்வெர்ட், ஆராவ்.

மிச்சத்தை ஒரே இரவில் காட்டுக்கு விட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் கேட்டது: உறுதியா?
உறுதியா? உறுதியா?
நூறைத் தாண்டியபின் பெருவிரல்
கேள்வி வருமுன்னே பதில் சொல்லியது.
அப்படித்தான் போனது,
காது மடிந்த அந்த முதலாவது.
அதை விட நான் நினைக்கவேயில்லை.

ஒக்டோபர் இருபத்துமூன்று, இரவு பதினொன்றே கால்.
முத்துநிறம்.
சோறு வடித்த கஞ்சியில் நிலவு விழுந்தாற்போல.
ஐந்து இடமும் நிறைந்திருந்தன.
இன்னொரு இடம் நாலு பிராங்,
என்னிடம் தொண்ணூறு ரப்பன்.
துவாரகனின் சட்டை கதிரையில் தொங்கியது,
பையில் அவனுடைய அட்டை.
சட்டையைப் பார்த்தேன்.
எழுந்துபோய்ப் பல் துலக்கினேன்,
வழக்கத்தைவிட நீளமாக.

டேனிக்கனை விட்டேன்.
முத்துக்குத் தகப்பன் அதுதான்.

காலை ரயில் டேனிக்கனில் நின்றது.
கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.
குளிர் மட்டும் வந்து எதிரே அமர்ந்தது.
புதியதற்கு அந்தப் பெயரை வைக்க
நாலு நாளாக மனம் வரவில்லை.

மாதக் கடைசியில் துவாரகன் கேட்பான்,
தேநீரை ஆற்றிக்கொண்டே, முகம் பார்க்காமல்:
'பல்லு எப்பிடி?'
'ஆடுது,' என்பேன்.
'விழேல்லை.'