கவிழ்த்து வைக்கவும்

கோப்பியாப்போ ஊருக்கு வெளியே,
கடைசிப் பெட்ரோல் பங்கும் முடிந்து
நாய்கள்கூடத் திரும்பிவிடும் இடத்தில்
அந்தக் கொட்டகை.
சுவரில் சிவப்பெழுத்து:
பலகைகளைக் கவிழ்த்து வைக்கவும்.

வேலைக்கு வந்த முதல் வாரம்
யாஸ்னாவுக்கு அது புரியவில்லை.
குப்பைக்கு என்ன மேல்பக்கம், கீழ்ப்பக்கம்?
லாரி இறக்கிவிட்டுப் போன அடுக்கிலிருந்து
ஒன்றை அப்படியே வானம் பார்க்க இழுத்தாள்.
எலி கடித்த வயரில் விரல் பட்டது.
சுள்ளென்று தோள்வரை ஏறியது
நண்பகல்.

"தூக்கிப் போட்டாச்சுன்னு
அதுகிட்ட யாரும் சொல்லலையே,"
சிரித்தான் எலியேசெர்.
"வெயிலைக் கண்டா வேலை பார்க்கும்.
வேற என்ன தெரியும் அதுக்கு?"

அன்றிலிருந்து கவிழ்க்கிறாள்.
முதலில் அலுமினியச் சட்டம்;
நாலு மூலையும் நெம்பினால்
கடைவாய்ப்பல் பிடுங்கும் சத்தத்தோடு வரும்.
பிறகு முதுகுப் பெட்டி, செம்புக் கம்பி.
பிறகு அந்தச் சூட்டுக் கத்தி,
முந்நூறு டிகிரியில்,
கண்ணாடிக்கும் கலத்துக்கும் நடுவே
அவசரமே இல்லாமல் நுழையும்.
இத்தனை வருஷம் விடாமல் பிடித்திருந்த பசை
விட்டுக்கொடுக்கும்போது வினிகர் வாடை.
இப்போதெல்லாம் சாலட்டை
வெறும் உப்போடு தின்கிறாள்.

கண்ணாடி ஒரு பக்கம் போகும்,
பாட்டிலாகவோ பஞ்சாகவோ ஆக.
மறுபக்கம் நீலத்தோல். மடித்தால் நொறுங்கும்.
அதில்தான் வெள்ளி, மயிரிழைக் கோடுகளாய்.
அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தினால்
ஒரு பலகைக்கு
ஒற்றை மெட்டி தேறினால் பெரிது.

இந்த ஊரே ஒரு காலத்தில்
வெள்ளிக்காக வீங்கிய ஊர்.
அன்று மலையைக் குடைந்தார்கள்,
இன்று வெயிலைக் குடைகிறார்கள் என்று
எழுதலாம்தான்.
எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.
கத்திமுன் நிற்கிறவளுக்கு
எட்டு மணி நேரம், இரண்டு கையுறை,
கண்ணுக்குள் போகும் தூள்.

செவ்வாய்க்கிழமை லாரியில்
கீறல்கூட இல்லாத முந்நூற்றுப் பன்னிரண்டு.
மீட்டரை வைத்தாள். முப்பத்தாறு வோல்ட்.
அடுத்தது முப்பத்தைந்தரை.
அடுத்ததும்.

நிபால்தோவிடம் போய்ச் சொன்னாள்.
அவர் காகிதத்தைக் காட்டினார்.
காகிதத்தில் அவை கழிவு.
"புதுசு இதைவிட ஒன்றரை மடங்கு தருமாம்.
இடம் அதே இடம்தானே,
அதான் மாத்திட்டாங்க" என்றார்,
தானே மாற்றப்பட்டவர் மாதிரி.

மேட்டில் அவள் இருக்கும் வரிசையில்
ஒன்பது மணிக்கு மேல் விளக்கு கிடையாது.
அடுத்த தெருவிலிருந்து இழுத்த கம்பி அது,
இழுக்க விட்டவர்
தூங்கப் போகும்போது பிடுங்கிவிடுவார்.
அதை அவள் நிபால்தோவிடம் சொல்லவில்லை.

மதியம் எலியேசெர் ஒரு பலகையை
சுவரில் நிமிர்த்திச் சாய்த்தான்.
எந்தக் காரிலிருந்தோ கழற்றிய
ரேடியேட்டர் விசிறியை முடிச்சுப் போட்டான்.
முதலில் முனகியது.
அப்புறம் கொட்டகைத் தூசியெல்லாம் எழுந்து
வாசல் வழியே வெளியேறியது.
காற்று!
ரொட்டியை வைத்துவிட்டு
கழுத்துப் பட்டனைத் திறந்துகொண்டார்கள்.
நிபால்தோவும் வந்து உட்கார்ந்தார்.
அவர் மடியிலிருந்த காகிதம் படபடத்தது,
பறக்கப் பார்த்தது.
ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார்.

சாயங்காலக் கணக்கில் முந்நூற்றுப் பதினொன்று.
இரண்டு தரம் எண்ணினார்.
மூன்றாம் தரம் எண்ணாமல்
'வழியில் உடைந்தது: ஒன்று' என்று எழுதி,
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தார்.

மற்றவை புதனும் வியாழனும் கத்திக்குப் போயின.
ஒவ்வொன்றையும் இழுக்குமுன்
பழைய போர்வை ஒன்றை மேலே போடுகிறாள்;
ஷாக் அடிக்காமலிருக்கத்தான்,
வேறொன்றும் இல்லை.
வினிகர் வாடை சனிக்கிழமை வரை.

ஒன்பது மணிக்கு மேல்,
மேட்டில்,
ஒரு ஜன்னல்.