ஐம்பத்தேழு அடிச் சந்து

எறிமேட்டிலிருந்து தட்டுக்கு
அறுபதடி ஆறங்குலம்.
கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்து ஐம்பத்தேழுதான்.
மிச்ச மூன்றரையடி
சற்குணம் அக்கா வீட்டுக்குள் இருக்கிறது.

அதனால் ஜெனிட்டா
நிலைப்படி தாண்டி உள்ளே போய்
கேஸ் சிலிண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில்
குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.
தலையில் அவள் அண்ணனின் பைக் ஹெல்மெட்.
கையில் கல்லூரியின் ஒரே கேட்ச்சர் கிளவுஸ்,
பஞ்சு போன இடத்தில் பழைய சாக்ஸ்.
நான் இந்தக் கோடியில், ஈ.பி. பெட்டியில் முதுகு உரச.
ஓரமாக மூன்று சைக்கிள், ஒரு மீன்பாடி வண்டி.
குடத்தோடு யாராவது வந்தால்
ஆட்டம் நிற்கும்.

பந்து என் கையெழுத்தில்
விளையாட்டு அறைப் பதிவேட்டில் கிடக்கிறது:
ஒன்று. திருப்பித் தரவேண்டியது.
நூற்றெட்டுத் தையலாம்.
எண்ணிப் பார்த்தேன்,
தொண்ணூறுக்கு மேல் அழுக்கு விடவில்லை.
நூற்றெட்டு என்றால் இங்கே
ஒன்று அர்ச்சனை, இல்லை ஆம்புலன்ஸ்.
எனக்கு எதுவென்று
சனிக்கிழமை தெரிந்துவிடும்.

"நேர்ப்பந்து எவளும் அடிப்பா.
ஒடிச்சுப் போடு" என்றார் கோச்,
ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.
எதை?
கைய ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன் என்று
தினம் கேட்டு வளர்ந்த முழங்கை
அந்தச் சொல் காதில் விழுந்ததும்
விலாவோடு ஒட்டிக்கொள்கிறது.

நடுவிரல் தையலின் மேட்டில்.
கட்டைவிரல் அடியில், அதற்கு எதிரே.
ஆள்காட்டி விரல் சும்மா, துணைக்கு.
எறியாதே இழு, என்று காட்டியது
போனில் ஓடிய படம்.
இழுத்தேன்.
பந்து தன் பாட்டுக்குப் போய்
நிலைக்கு மேலே, காய்ந்த மாவிலைத் தோரணத்தில் மோதி
அக்காவின் இட்லி மாவுக்குள்
சுண்ணாம்பு உதிர்த்தது.

"இன்னாமே!
மாவு என்னுது, செவுரு வூட்டுக்காரனுது,
ரெண்டுத்துக்கும் நான்தானே பதில் சொல்லணும்?"

பிறகு ஒரு சட்டம் போட்டாள்:
எட்டு மணிக்கு சீரியல். அதுக்குள்ள முடிச்சிக்க.

ஆறு நாள்.
தோரணம் போயிற்று. ஆணி மட்டும் இருக்கிறது.
நடுவிரல் கொப்புளம் உடைந்து
தையலின் சிவப்பில் என்னுடையது எவ்வளவு
என்று தெரியவில்லை.

நேற்று ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதியில் சிக்கியது.
எம்பிப் பிடித்து
உடம்பு மொத்தமும் தொங்கி
ஒரே இழுப்பில் தரைவரை இறக்கினேன்.
அதனால்தானா, தெரியாது.
இன்று சாயங்காலம்
கூட்ஸ் வண்டி கடந்து முடியக் காத்திருந்து
முப்பதாவதோ முப்பத்தொன்றோ ஒரு பந்து.
விரலைவிட்டுப் போகும்போதே
நிலைக்குத்தான் போகிறது என்று தெரிந்து
அக்கா என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

கிளவுஸில் சத்தம்.

"பாத்தியா?"
"கண்ண மூடிட்டேன்டி."
கத்துகிற அவசரத்தில் நானும் பாதியைத் தவறவிட்டேன்.
முழுசாகப் பார்த்தது
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சற்குணம் அக்கா ஒருத்திதான்.

"நெட்டக்கொக்கு மாரி வந்துச்சி.
வாசலாண்ட வந்ததும் குனிஞ்சிக்கிச்சி.
எங்க வூட்டுக்கு வர்ற யாரா இருந்தாலும்
குனிஞ்சிதானே வரணும்."

அடுத்ததும் குனியும் என்று போட்டேன்.
நிலையில் அடித்தது.
அதற்கடுத்தது
ட்யூப்லைட்டுக்கு இரண்டு விரல் தள்ளி.
விரலில் ஷட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை.
ஜெனிட்டா ஹெல்மெட்டைக் கழற்றி
வேர்வையைத் துடைத்தாள்.

ஏழு ஐம்பது.

அக்கா எழுந்தாள்.
மாவுப் பாத்திரத்தைக் காலால்
கட்டிலுக்கடியில் தள்ளினாள்.
டிவியின் முகத்தில் தலையணையைச் சாய்த்தாள்.
உரித்த வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு
சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்து,

"இன்னும் பத்து நிமிசம் கீதுல்ல,
போடு" என்றாள்.