சலிப்பு

அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான்தான்.
ஆஸ்த்ராவாவில் ஒரு மருத்துவமனை,
இரண்டாம் மாடி, பணியாளர் பிரிவு,
ஜன்னலை ஒட்டிய மேசை. பொஹ்தானா என்று கேட்டால் காட்டுவார்கள்.

மென்பொருள் வந்த அன்று கேக் வெட்டினோம்.
"வேண்டாதவர்களை இனி நீங்கள் பார்க்கவே வேண்டாம்"
என்றான் விற்க வந்த பையன்.
நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.
சலவைக்கூடத்தின் ஒரே ஒரு வேலைக்கு
இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்திருந்த வாரம் அது.
அதில் ஒருவர் தன் நாயின் படத்தை இணைத்திருந்தார்.
சலித்துச் சலித்து
எனக்கே சலித்துப்போயிருந்தது.

ஜனவரியில் கொதிகலன் அறை புதிய நிறுவனத்தின் கைக்குப் போனது.
இருக்கிறவர்களும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.
"கொதிகலன் ஆள்" என்று எழுதுவது அழகில்லையாம்.
"வெப்ப அமைப்புத் தொழில்நுட்ப வல்லுநர்" என்று
இயக்குநர் ஹுபாச்செக் அனுப்பினார்.
வெட்டினேன், ஒட்டினேன்.
கீழே ஒரு சின்னக் கட்டம்:
இந்தச் சொற்கள் இல்லாதவற்றை நீக்கவா?
டிக்.

காப்பி ஆறுவதற்குள் மறந்துவிட்டேன்.

முப்பத்தேழு பேர் போட்டார்கள்.
முப்பத்தேழு பேருக்கும் ஒரே கடிதம் போனது,
அதிகாலை இரண்டு நாற்பத்தொன்றுக்கு.
வருந்துகிறோம் என்ற சொல் அதில் இருமுறை வரும்;
வருந்துவதற்குத்தான் அங்கே ஆளில்லை.

காலையில் என் திரையில்:
தகுதியானவர் எவருமில்லை.
விளம்பரத்தைப் பதினான்கு நாள் நீட்டிக்கவா?

நீட்டித்தேன்.
பிறகு எதற்காகவோ படியிறங்கினேன்.
எதற்காகவோ என்ன, கால் சில்லிட்டிருந்தது.
வெளியே பதினொன்று, பூஜ்யத்துக்குக் கீழே.
என் மேசையருகே இருக்கும் வெப்பக்குழாய் மட்டும்
இரவெல்லாம் சூடாகவே இருந்திருக்கிறது
என்பது தொட்டபோதுதான் உறைத்தது.

கீழே விளாஸ்திமில்.
இருபத்திரண்டு குளிர்காலம் அந்த அறையில்.
அழுத்தமானியைப் பார்ப்பதற்கு முன்பே
குழாயில் காது வைத்துக் கேட்கிற மனிதர்.
அவர் சான்றிதழில் "கொதிகலன் ஆள்" என்றிருக்கிறது,
வேறொரு அரசாங்கத்தின் முத்திரையோடு.

"ஆள் கிடைத்துவிட்டாரா?" என்று கேட்டார்.
குத்திக் காட்டவில்லை.
சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
"இல்லை. முப்பத்தேழு பேர். ஒருவரும் தேறவில்லை."
சொன்ன வாய்க்கு அதற்குள் புரிந்துவிட்டது.
அவர் கைகளைத் துணியில் துடைத்தார்,
விரல் விரலாக.
"பாவம், மற்ற முப்பத்தாறு பேர்" என்றார்.

நெய்யை ஒழுகவிட்டுக்
கசடைக் காத்துக்கொள்ளும் நெய்யரி.
அதைப் பிடித்த கை இது.
எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்
கோட்டுப் பைக்குள் போட்டேன்.

"மறுபடி போடுங்கள், விளாஸ்திமில்.
என்னென்ன சொற்கள் என்று நானே எழுதித் தருகிறேன்."
"எனக்குத் தெரியாத சொல்லை நான் எழுதினால்,
நாளைக்கு அதைச் செய்யச் சொல்வார்களே?"
விளையாட்டா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.
பின்னால் ஏதோ ஒரு வால்வு சீறியது;
திரும்பிக்கூடப் பார்க்காமல் கால் சுற்று திருகினார். அடங்கியது.

"செவ்வாய்க்கிழமை நான் வரணுமா?"

ஹுபாச்செக்கிடம் போய்க் கேட்டேன்.
திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
தகுதியான ஆள் கிடைக்கும்வரை
அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மேலே வந்து உட்கார்ந்தேன்.
அந்தக் கட்டத்தைத் தேடினேன்.
ஏழு திரைகள் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தது.
டிக்கை எடுத்தேன்.
மாற்றத்துக்கான காரணம் என்ன என்று கேட்டது.
ஐம்பது எழுத்துகளுக்கு மிகாமல்.

குளிர் என்று எழுதினேன்.
ஏற்கவில்லை.