304

ஹொரமாவில் எங்கள் குடியிருப்பின்
மூன்றாவது ஆழ்துளைக் கிணறு
ஆயிரத்து முந்நூறு அடியில்
தூசியைத் துப்பிய அன்று
பிளம்பர் அமல்தாஸ் சிரித்தார்.
தங்கவயல்காரர்.
"இந்த ஆழத்துக்கு எங்கப்பா
தங்கம் தேடித்தான் போனாரு மேடம்."

பிறகுதான் மீட்டர் வந்தது.
நாற்பத்தெட்டு வீட்டுக்கும் நாற்பத்தெட்டு.
அதுவரை
ஒருவரை ஒருவர் சந்தேகித்தோம்:
தினமும் கார் கழுவும் 102,
இரட்டைக் குழந்தைகள் உள்ள 207,
ஞாயிறுதோறும் மீன் அலசும் நாங்கள்.

மாதக் கடைசியில்
நோட்டோடு படியேறினேன்.
அதிகம் குடித்தது 304.
இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு.
உரிமையாளர் டொராண்டோவில்.

சாவி கூரியரில் வந்தது.
உள்ளே மின்சாரம் இல்லை.
இருட்டில் இரண்டு பேரும் நின்று கேட்டோம்.
யாரோ யாரையோ
உஷ் உஷ் என்று அடக்குவதுபோல
கழிவறைத் தொட்டியிலிருந்து
விடாமல் ஒரு ஒலி.

ஒரு ரப்பர் வாஷர்.
பதினெட்டு ரூபாய்.
கறுத்து, நாக்குப்போல் சுருண்டு
என் உள்ளங்கையில் கிடந்தது.
வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர்
இதன் வழியாகப் போயிருக்கிறது.
லாரிக்காரருக்கு எண்ணிக் கொடுத்ததும்
இதே கைதான்.

மொட்டைமாடிக் குழாயைச்
சாக்கடையிலிருந்து பிடுங்கி
வற்றிய கிணற்றின் பக்கம் திருப்ப வேண்டும்.
மழைக்கு இன்னும் மூன்று வாரம்.
அதற்கொரு கூட்டம்,
கூட்டத்துக்கு இரண்டு மணி நேரச் சண்டை.

இன்றைக்கு
சத்தமில்லாத ஒரு வீட்டைப்
பூட்டிவிட்டு இறங்கினோம்.

102-இடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன்.
கீழே அவர்
குழாயைத் திறந்துவிட்டு
டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.