எதிர்பார்க்கப்படும் மூச்சு

முதலில் மூக்கை அடைப்பேன்,
கொடியில் ஈரத்துணிக்கு மாட்டுகிற மாதிரி ஒரு நீலக் கிளிப்.
இழுங்க, இழுங்க, இன்னும்,
இப்ப ஊதுங்க ஊதுங்க விடாதீங்க விடாதீங்க.
ஒரு நாளைக்கு நாற்பது பேர்.
ராத்திரி பால் ஆற்றும்போதும்
வாய் அதையே சொல்கிறது.

எண்ணூரில் மார்கழி முகாம்.
ஆறாம் வகுப்பு பெஞ்சில் கருவி.
வாங்கிக் கொடுத்தது கம்பெனி;
மூடியில் ஒரு பச்சை இலை, அதன்மேல் பனித்துளி.
ஜன்னலில் அதே கம்பெனியின் புகைபோக்கி,
சிவப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையோடு.
அதை மட்டும் யாரும் வரிசையில் வரச்சொல்லவில்லை.

தேசம்மா வந்தாள்.
கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில்
கையால் இறால் தடவுகிறவள்.
நகக்கண்ணில் சாம்பல், மருதாணிக்குப் பதிலாக.

பீடி உண்டா? விறகடுப்பு உண்டா?
புறா வளர்க்கிறீர்களா?
தாளில் இருந்ததையெல்லாம் கேட்டேன்.
பின்கோடுக்கும் ஒரு கட்டம் உண்டு,
அறிக்கையைத் தபாலில் அனுப்புவதற்கு.

கருவி கேட்பது நாலே கேள்வி:
வயது, உயரம், ஆணா பெண்ணா, இனம்.
கடைசிக்கு ஒரு பட்டியல் இறங்கும்.
'இந்தியர்' என்பதைத் தொட்டதும்
அது தன் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளும்.
யாரோ, எப்போதோ அளந்து முடித்துவிட்டார்கள்
இவர்களுக்கு நெஞ்சு சின்னது என்று.
அளந்த அன்று அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்,
எந்த ஆலையில் எத்தனை வருஷம் பஞ்சு தின்றார்கள்,
குறிப்பு இல்லை.

ஊதினாள். ஒன்று புள்ளி ஏழு லிட்டர்.
எண்பத்திரண்டு சதவீதம். பச்சை.

டாக்டர் டீக்குப் போயிருந்தார்.
என் விரல் பட்டியலில் கொஞ்சம் மேலே ஏறியது.
அதே தேசம்மா, அதே மூச்சு,
வெள்ளைக்காரியாக:
அறுபத்தாறு. சிவப்பு.
கை வேர்த்துவிட்டது. பழையபடி மாற்றினேன்.

"இன்னாமே சொல்லுது?"
"நார்மல்னு சொல்லுதுக்கா."
"ரெண்டு படி ஏறுனா இஸ்துக்குதே."
கொஞ்சம் யோசித்தாள்.
"எங்க தெருவுல அல்லாருக்கும் அப்டித்தான் இஸ்துக்குது.
அப்போ நார்மல்தான்."
சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது.
கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்.

தை பிறந்து கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்பு.
இன்னொரு புகைபோக்கி வருகிறதாம்.
திரையில் ஒரு வட்டம், தர்பூசணி போல்,
ஓரத்தில் மட்டும் சன்னமாய்ச் சிவப்பு வைத்து
மற்றதெல்லாம் பச்சை:
'சுற்றுவட்டார மக்களின் நுரையீரல் இயல்பு.'
நான் ஊதவைத்த மூச்செல்லாம் அங்கே இருந்தது.
நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

மகிமைதாஸ் மைக்கைப் பிடித்தார்.
பேச வாயெடுத்தவருக்கு இருமல்.
ஸ்பீக்கர் அதை மண்டபம் முழுக்கப் பரிமாறியது,
பந்தியில் கடைசி ஆள் வரைக்கும்.
குறிப்பெடுத்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்,
பேச்சு தொடங்கட்டும் என்று.
இருமலை எந்த எழுத்தில் எழுதுவது?

முகாம் முடிந்து கருவியை ஒப்படைக்கும் முன்னால்
என் பெயரைத் தட்டினேன்.
வயது முப்பத்தெட்டு. உயரம் நூற்று ஐம்பத்திரண்டு. பெண்.
நாலாவதைக் காலியாக விட்டேன்.
'நிரப்பாமல் தொடர முடியாது' என்றது.
மறுபடி தட்டினேன், மறுபடி சொன்னது.

வாட்ச்மேன் சாவியை ஆட்டிக் காட்டும்வரை
அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
மூக்கில் கிளிப்போடு,
வாயால் இழுத்து
வாயால் விட்டபடி.