முட்டைக் கணக்கு

சோஹார் சனாயா, மூன்றாம் சந்து.
பழைய பேட்டரி பிரிக்கும் எங்கள் கடைக்குப் பின்னால்
ஏசி வந்த மரப்பெட்டியில் ஏழு கோழிகள்.
எட்டாக இருந்தது.
சாம்பல் நிறத்தாள் வெள்ளிக்கிழமை
பாங்கு முடிவதற்குள் சாய்ந்துவிட்டாள்.

இப்போது கறுப்பி.
கால் மடங்குகிறது, பச்சையாய்க் கழிகிறாள்.
வெயிலும் இல்லை, சளியும் இல்லை என்றான் மொஃபிஸ்,
பங்களாதேஷில் கோழிப்பண்ணை வைத்து நொடித்தவன்.
அரைநாள் கூலி போனால் போகட்டுமென்று
வெங்காயச் சாக்கில் ஓட்டை போட்டு
மடியில் வைத்து டாக்ஸி பிடித்தேன்.
டிரைவர் ரோட்டைப் பார்க்கவில்லை, சாக்கைத்தான் பார்த்தார்.

டாக்டர் ஹனான், சூடான்காரர்.
இறக்கையை விரித்து
ஸ்பிரிட் பஞ்சால் இறகை நனைத்து ஒதுக்க,
மடிப்பின் உள்ளே நீலமாய் ஒரு கோடு,
கண்டிலிருந்து விலகிய ஒற்றை நூல்.
"பிடி. இறுக்காதே. நெஞ்சு அசைந்தால்தான் இதற்கு மூச்சு."
இறுக்காமல் பிடிப்பது எப்படியென்று
பதினோரு வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்கு
யாரும் சொன்னதில்லை.

அரை மில்லி, பச்சை மூடிக் குழாயில்.
ஊசி எடுத்த இடத்தில் என் கட்டைவிரல்.
இரண்டு நிமிஷம்.
நகத்துக்கடியில் அவள் துடிப்பு.

எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் வெள்ளைப் புள்ளிகள்.
"பல் இல்லாத ஜீவன். கல்லென்று நினைத்துக் கொத்தியிருக்கிறது."
காரீயம்.
பேட்டரித் தகட்டை உடைப்பது நான்.
தூளைக் கூட்டிப் பின்பக்கம் கொட்டுவதும்.

நாலாம் நாள் போன்.
எண்ணைச் சொன்னார், புரியவில்லை.
அடுத்துக் கேட்டது புரிந்தது:
"முட்டையை யார் சாப்பிடுகிறார்கள்?"

சுவரில் கரியால் கணக்கு வைத்திருந்தேன்.
மொஃபிஸுக்குத் திங்கள், வியாழன்.
செய்யது காக்காவுக்கு ஆம்லெட், மிளகாய் தூக்கலாய்.
நோன்பில் சஹருக்கு அறை முழுக்க அவித்து.
பிறகு ஃபோர்மேன் பேபிச்சன் மகள், நாலு வயசு,
வாரத்துக்கு மூன்று.
அதற்குக் காசு வாங்கியதில்லை.

விசா மெடிக்கலில்
ஆறு முறை என் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.
எல்லாம் தேடினார்கள், இதைத் தவிர.

கறுப்பிக்கு ஊசி ஓடுகிறது. இன்று கொஞ்சம் நின்றாள்.
மற்றவை காலையில் இட்ட நாலு முட்டையும்
உடைத்துக் குழியில் விட்டேன்.
மஞ்சள் கரு அப்படியே அழகாய்த்தான் இருந்தது.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி
பேபிச்சன் வீட்டு மணியை அழுத்தினேன்.
"கோழி அங்கிள்!"
உள்ளே,
என் வெறுங்கையை நோக்கி
ஓடிவருகிறது சின்னச் செருப்புச் சத்தம்.