அறை எண் ஒன்பது, மூன்று நாள் வாடகை

வாங்குமுன் காதருகே வைத்து மூடிப் பார்க்க வேண்டும்.
வில் உயிரோடிருந்தால் ‘டக்’ என்று ஒரே சொல்.
நொந்துபோன வில் முணுமுணுக்கும்.
பேரணாம்பட்டு வாஜித் பாய் சொன்னது.
ஞாயிற்றுக்கிழமைகளில்
பூட்டில்லாத சாவிகளுக்கும் ரேடியோ குமிழ்களுக்கும் நடுவே
சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்,
விலை கேட்டால் முதலில் வெயிலைத் திட்டுவார்.

என்னிடம் நாற்பத்தொன்று இருக்கின்றன.
எல்லாம் மடக்குக் கத்திகள், சட்டைப்பைக்குள் அடங்குபவை.
எலும்புப் பிடி, மான்கொம்புப் பிடி,
அம்புக்குறி முத்திரை குத்திய பட்டாளத்துக் கத்தி மூன்று
(கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர்
பென்ஷன் தாமதமான மாதத்தில் கொடுத்தது).
ஒன்றைக் குணவதி
புளியும் சாம்பலும் போட்டு விளக்கிவிட்டாள்.
பளபளவென்று கொண்டுவந்து நீட்டினாள்.
எண்பது வருடக் கறுப்பு சாக்கடையில் போயிற்று,
விலையில் பாதியும் கூடவே.
“தேய்த்தால் விலை குறையும் பொருளை
உங்களைத் தவிர யார் வாங்குவார்கள்?”
பதில் இருந்தது. சொல்லவில்லை.

லாட்ஜில் இரவு மேசை எனக்கு.
காந்தி ரோட்டுக்குப் பின்சந்து,
பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
கூச்பிஹாரிலிருந்து வந்திருந்தார் நிகில் பர்மன்,
மனைவிக்கு இதய வால்வு.
அறை எண் ஒன்பது, நாளைக்கு இருநூறு.
வராந்தாவில் உட்கார்ந்து சாத்துக்குடி உரிப்பார்.
தோல் அறுபடாமல் ஒரே சுருளாக
முழங்கால் வரை இறங்கும்.
நான் தோலைப் பார்க்கவில்லை.

தேயிலைத் தோட்டத்துக் கத்தி அது.
ஒட்டுப்போட வளைந்த அலகு ஒன்று, நேரானது ஒன்று,
அடியில் ஷெஃபீல்டு என்று தேய்ந்த எழுத்து,
மூடிய கம்பெனியின் மூடாத முத்திரை.
கேட்டு வாங்கி, காதருகே வைத்து மூடினேன்.
ஒரே சொல்.

வாடகை பாக்கி நிற்கிறதே என்றேன்.
அரைகுறை இந்தியில் நானும்
அரைகுறை இந்தியில் அவரும்.
மூன்று நாள் கழித்துக்கொள்ளலாமா என்று
நான்தான் கேட்டேன்.
அவர் கைகூப்பினார்.
அறுநூறு ரூபாயை என் பையிலிருந்து எடுத்து
முதலாளியின் கல்லாவில் போட்டேன்.
யாரையும் ஏமாற்றவில்லை, பாருங்கள்.
அன்று அதன் விலை நாலாயிரம் என்பது
எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.

பிறகு அது ஏறியது.
ஏழாயிரம். எட்டரை.
ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து
பழைய இரும்புக்கு ஏங்கியபோது பதினோராயிரம்.
தாவணகெரேயிலிருந்து ஒருவர்
நள்ளிரவில் போன் செய்து கெஞ்சினார்.
இன்னும் ஏறும் என்றேன்.
எனக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

போன தை மாதம்
எங்கோ ஒரு துறைமுகக் கிடங்கைத் திறந்தார்களாம்.
மெழுகுத்தாள் பிரிக்காத பெட்டிகள்,
பெட்டிக்குப் பன்னிரண்டு,
அதே முத்திரை, அதே வளைவு.
அபூர்வம் என்பது
யாரோ கதவைத் திறக்க மறந்தது மட்டும்தான் போல.
ஐயாயிரம். இரண்டாயிரம்.
நேற்று வாஜித் பாய் கையில் வாங்கிப் புரட்டி,
வெயிலைக்கூடத் திட்டாமல்,
“அறுநூறு தரலாம்” என்றார்.

அறுநூறு.
சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.
இப்போது கணக்கு நேராகிவிட்டதல்லவா?
கொடுத்த விலையும் பெற்ற விலையும்
ஒரு ரூபாய் பிசகவில்லை.
தராசு வைத்திருப்பவன் யாராக இருந்தாலும்
போய்த் தூங்கலாம்.

இரவு பழைய பதிவேட்டை எடுத்தேன்.
கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது.
பர்மன், அறை ஒன்பது, மூன்று நாள், வரவு.
என் கையெழுத்துதான், அழகாகவே இருக்கிறது.
அடுத்த வரியில் ஒன்றும் இல்லை.
ஆனால் அந்தக் கடைசி வாரம்
வராந்தாவில் அவர்
கட்டைவிரல் நகத்தால் சாத்துக்குடி உரித்தார்.
தோல் துண்டு துண்டாக விழுந்தது.
காலையில் பெருக்கியவன் நான்.